பார்பெல் விழுந்த பிறகு வரும் சத்தம்

1. மாரி மழை சற்று விட்டிருந்த ஒரு பின்னேரம், றெஜினா எண்பது கிலோ பார்பெல்லைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினாள்.
2. அவளுடைய மேடைக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்த, கை வழுக்காமல் பூசும் சோக்குத்தூள் கிண்ணம், யாரும் தொடாமல், அவளை நோக்கி நகர்ந்தது.
3. பாரம் தாங்கி நிற்பவரோடு கதைக்கக்கூடாது என்பது எங்கள் ஜிம்மின் முதலாவது விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். அன்று நான் கதைத்தேன்.
4. அவள் பாரத்தைக் கீழே போடவில்லை. தலைக்கு மேலே வைத்தபடியே வாசலுக்கு வெளியே நடந்தாள்.
5. வெளியே, லொறி ஏறுவதற்குக் கட்டிய சாய்தளத்தில், பார்பெல் விழுந்தது.
6. அதன் இரண்டாவது சத்தம் உள்ளே கேட்டது. ஆளில்லாத மேடைக்குக் கீழே.

இந்த மாதத்தோடு தண்ணீரூற்று ஊர் ஜிம்மில் பொறுப்பாளராக என் வேலை முடிகிறது. உங்களில் ஒருவர் என் இடத்துக்கு வருகிறீர்கள். மற்றவர்கள் வேறு ஊர்களில் இதே வேலையைத் தொடங்கப் போகிறீர்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், பெயரிங்குக்கு எந்த எண்ணெய் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஜிம் முன்பு நெல்லுக் களஞ்சியமாக இருந்தது. யுத்தம் முடிந்து சனம் மீள்குடியேறிய காலத்தில் யாரோ அவசரமாகக் கட்டியது. தகரக்கூரை, உயர்ந்த சுவர், சீமெந்துத் தரை. நேசன் அண்ணை அதை வாங்கியபோது தரை போட்டு முடிந்திருந்தது. பல போகத்து நெல் மூட்டைகளை அது தாங்கியிருக்கிறது. ஆகவே எங்கள் இரும்பையும் தாங்கும் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் நெளுக்குளத்தில் வளர்ந்து வவுனியாவில் இயந்திரப் பராமரிப்புப் படித்தவள். அடுக்கி வைத்த மூட்டை தரையை அமத்தும். விழுகிற பார்பெல் தரையை அடிக்கும். இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பலகையும் தடித்த ரப்பர் விரிப்பும் அடுக்கி ஒரு மேடை செய்தேன். சுவர்க் கண்ணாடிகள் அதிராமல் இருக்க, அதை மண்டபத்தின் தூர மூலையில் வைத்தேன்.

போடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பார்பெல்லைப் போடுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, போட வேண்டியவர்கள். தலைக்கு மேலே போன பாரத்தை மெல்ல மெல்ல இறக்கப்போனால் தோளும் முதுகும் போய்விடும். முழு ரப்பர் பிளேட்டும் மேடையும் அவர்களுக்காகத்தான். அவர்கள்கூட உடனே கையை விடுவதில்லை. கொஞ்சத்தூரம் பாரத்தோடு வந்துதான் விடுவார்கள். மற்ற வகை, நாலுபேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று போடுகிறவர்கள். எங்களிடம் இந்த இரண்டாவது வகைக்குத் தலைவர் கபிலன். பட்டினத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்ப்பவர். வெறும் இரும்பு பிளேட்டுகளை இடுப்புவரை தூக்கி, அங்கிருந்து கையை விட்டுவிட்டு, ஒரு கத்துக் கத்துவார்.

"கபிலன், அது இரும்பு பிளேட். இப்பிடிப் போட்டா வெடிக்கும்."

"வெடிச்சா வேற வரும் அக்கா. இரும்புதானே, அழாது."

"பார்பெல் வளைஞ்சா அழப்போறது நீங்கள்தான்."

அன்று நான் அவருடைய பிளேட்டுகளைக் கழற்றிவிட்டு, வெறும் பார்பெல்லைச் சீமெந்தில் உருட்டிக் காட்டினேன். நேரான தண்டு ஒரே சீராக உருளும். இது நொண்டியது. முனையில் சுழலும் குழல் ஒருபக்கம் கிலுகிலுத்தது.

"கள்ளுத் தவறணையாலை வீட்டை போற ஆள் மாதிரிப் போகுது," என்றார் நேசன் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். கபிலனும் சிரித்தார். பார்பெல் நொண்டி நொண்டி மண்டபம் முழுவதையும் கடந்து, தூர மூலையில் என் மேடையில் முட்டி நின்றது. தரை கழுவும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரமும் இல்லை என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

கபிலனுக்கு நேர் எதிர் தவம் அண்ணை. நெல் வயலும் உழவு மெசினும் உள்ளவர், நாற்பது தாண்டியவர். எங்களில் ஆகக்கூடிய பாரத்தைத் தூக்குபவர் அவர்தான். இறக்கும்போது ஒரு சத்தமும் வராது. கடைசி விரலளவு உயரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தி, பிறகு வைப்பார்.

"என்ன அண்ணை, பிள்ளை முழிச்சிடுமோ?" என்பார் கபிலன்.

"ஓமடா. முழிச்சா நீ வந்து தாலாட்டுவியோ?"

நல்ல பழக்கம் என்று புதியவர்களுக்கு அவரைக் காட்டுவேன். அவர் ஏன் அப்படி வைக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

இனி றெஜினா. கடற்கரைப் பக்கம், மீன்பிடிக் குடும்பம். சின்ன வயதிலிருந்தே வள்ளம் தள்ளிப் பழகியவள். பள்ளிக்கூடத்தில் பாரம் தூக்கப் பழகி, கொழும்பில் நடக்கும் அணித் தெரிவுக்குப் பெயர் வந்திருந்தது. அது சரிவராவிட்டால் தையல் தொழிற்சாலைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. இந்தப் பக்கத்தில் தலைக்கு மேலே தூக்கிப் போடக்கூடிய மேடை எங்களிடம் மட்டும்தான் இருந்தது. ஒருமுறை அதிர்வில் கண்ணாடி ஒன்று கீறல் விட்டதும், "இனி ஒருத்தரும் போடக்கூடாது, அவளும்தான்," என்றார் நேசன் அண்ணை. நான் அவளுக்காக வாதாடினேன். போடாமல் அவளால் பழக முடியாது, பழகாமல் தெரிவுக்குப் போக முடியாது. கடைசியில் அவர் சம்மதித்தார். பொறுப்பு என்னுடையது என்றார். சரி என்றேன்.

அந்த மேடையில் ஒரு விசேஷம் இருந்தது. றெஜினா போடும்போது ரப்பர் பிளேட் தொம் என்று விழும். அதற்குப் பிறகு, ஒரு மூச்சு விடும் இடைவெளியில், இன்னொரு சத்தம் வரும். டொக். கீழ்வீட்டில் இருக்கிற ஒருவர் கூரையைத் தட்டுவதுபோல. எங்களுக்குக் கீழ்வீடு இல்லை.

தகரக்கூரையின் எதிரொலி என்று நான் முடிவுகட்டினேன். என் படிப்புக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது. வேறு சில சங்கதிகளும் நடந்தன. மேடைக்குப் பக்கத்து இரும்புச் சட்டத்தில் ஒரே போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்தது, இறுக்கினேன். துடைத்த தண்ணீர் அந்த மூலையில் தேங்காமல் மறைந்துபோனது. வெக்கைக்குக் காய்கிறது என்று நினைத்தேன். மண்டபத்தில் எங்கும் படுத்துத் தூங்கும் பூனை அந்த மூலைக்கு மட்டும் போகாது. சத்தத்துக்குப் பயம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் என்னிடம் இருந்தது. எல்லாமே ஒரே மூலையில் நடக்கின்றன என்பதுதான் என் கணக்கில் வரவில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி உறுப்பினர்கள் யாரும் என்னிடம் முறைப்பாடு செய்யவில்லை. காற்றாடி கிரீச்சிட்டால் உடனே வந்து சொல்கிறவர்கள் இவர்கள். இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே அது ஒரு பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் பல நாள் மழைக்குப் பிறகு வெளித்திருந்தது. மண்டபத்தில் நாங்கள் ஐந்துபேர். கபிலன் வாசலுக்குக் குறுக்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தவம் அண்ணை தன் பிளேட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நேசன் அண்ணை கதிரையில் இருந்து ரெலிபோன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேடைக்கு முன்னால் நின்றேன்.

றெஜினா பார்பெல்லைத் தோளுக்குக் கொண்டுவந்து எழுந்தாள். அப்போது சோக்குக் கிண்ணம் மெல்லத் திரும்பியது. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக மேடையில் அடித்து அவள் பாரத்தைத் தலைக்கு மேலே நிறுத்தியபோது, கிண்ணம் சீமெந்தில் உரசிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. மேடைப் பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கிண்ணத்திலிருந்து சிந்திய தூள் அந்தக் கோட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. காற்று இல்லை. தூள் போய்க்கொண்டேயிருந்தது.

அடுத்து அவள் செய்யப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். கால்களைச் சேர்ப்பாள், ஒரு கணம் நிற்பாள், போடுவாள். ஆயிரம் தரம் பழகிய உடம்பு அது. பாரத்தைத் தாங்கி நிற்பவரின் காதில் ஒரு சொல் விழுந்தால் மூச்சு குழம்பும், முழங்கை மடங்கும், எண்பது கிலோ தலையில் வரும். அதற்காகத்தான் அந்த விதி. விதியை மீறினால் அவள் விழலாம். மீறாவிட்டால் தரை விழலாம். எது உறுதி என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

கத்தவில்லை. வீட்டில் கதைக்கிற குரலில் சொன்னேன்.

"றெஜி, போடாதை. அப்பிடியே வைச்சிரு. என்னைப் பார்."

அவளுடைய கண் மட்டும் அசைந்தது.

"என்னட்டை வா. மெல்ல. நான் பின்னுக்குப் போறன், நீ என்னோடை வா."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க மூச்சும் இல்லை. வலது காலை எடுத்து வைத்தாள். தண்டு நடுங்கியது. மேடையிலிருந்து தரைக்கு இறங்கும் அந்தச் சின்னப் படிதான் எனக்குப் பயம். அதில் இறங்கும்போது பாரம் ஒருபக்கம் சரிந்தது. இடது தோளால் அதை மீட்டாள். தவம் அண்ணை வழியில் கிடந்த பிளேட்டுகளைக் காலால் ஒதுக்கினார். கபிலன் வாங்கை இழுத்து வாசலைத் திறந்துவிட்டார். நான் பின்னோக்கி நடந்தபடி, "வா, வா, இன்னும் வா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். லொறிகளுக்கென்று கருங்கல் போட்டு இறுக்கிய சாய்தளம் வெளியே இருந்தது. மற்றவர்களும் எங்களோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"இப்ப போடு."

போட்டாள். ஈரச் சீமெந்தில் பார்பெல் விழுந்து துள்ளியது. அவள் முழங்காலூன்றி மூச்சு வாங்கினாள்.

பிறகு ஒரு அமைதி. அந்த அமைதியில் ஒன்றைக் கண்டேன். எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். தவம் அண்ணை தலையைச் சற்றுச் சரித்திருந்தார். நேசன் அண்ணையின் கை ரெலிபோனோடு அந்தரத்தில் நின்றது. கபிலன் நிலத்தைப் பார்த்தார். நானும் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. வெளியேதானே போட்டோம், வரத் தேவையில்லை என்று நினைக்கும்போது, எங்களுக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத மண்டபத்துக்குள், அது வந்தது.

டொக்.

தவம் அண்ணைதான் முதலில் வாயைத் திறந்தார். "உங்களுக்கும் கேட்டதோ?"

"எது?" என்றார் கபிலன். அவருக்கு முகம் வெளுத்திருந்தது.

"அதுதான்... பிறகு வாறது."

"ஓம்," என்றார் கபிலன். "எப்பவும் கேக்கிறது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நான் அது என்ரை காதெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார் நேசன் அண்ணை. "டொக்டரிட்டைக்கூடப் போனனான்."

றெஜினா எங்களைப் புதினமாகப் பார்த்தாள். "என்ன எல்லாரும்? அது எப்பவும் வாறதுதானே. இந்தப் பார்பெல்லின்ரை சத்தமே அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பீரங்கிச் செல் அடித்தால் இங்கே இருந்தவர்களுக்குச் சத்தம் இரண்டு. தூரத்தில் குத்தி ஏவும்போது ஒன்று. வந்து விழும்போது மற்றது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், பாய்வதற்குக் கிடைக்கும் நேரம். ஆகவே ஒரு பாரச் சத்தம் கேட்டால், இந்த ஊரில் குறிப்பிட்ட ஒரு வயதைத் தாண்டிய உடம்பு அடுத்ததற்குக் காத்திருக்கும். பார்பெல் விழுந்த பிறகு அந்த அடுத்தது உண்மையாகவே வந்தபோது, ஒவ்வொருவரும் அது தன் தலைக்குள்ளேதான் கேட்கிறது என்று நம்பினார்கள். வெளியே சொன்னால் மற்றவர் என்ன நினைப்பார் என்று வாயை மூடினார்கள். தவம் அண்ணை பாரத்தை மெல்ல வைத்ததும், கபிலன் பாரத்தைப் போட்டுவிட்டுக் கத்தியதும் ஒரே காரணத்துக்காகத்தான். ஒருவர் அந்தச் சத்தம் வராமல் பார்த்தார். மற்றவர் அது கேட்காமல் பார்த்தார். அந்தச் சத்தம் தெரியாமல் வளர்ந்த நான் கூரையில் பழியைப் போட்டேன். அந்தக் காலம் நினைவில் இல்லாத றெஜினா, உலகத்தில் எல்லாப் பார்பெல்லும் இப்படித்தான் விழும் என்று எடுத்துக்கொண்டாள்.

நாங்கள் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையின் உள்மூலை, யாரோ அதன்மேல் ஆறுதலாகக் குந்துவதைப்போல, சத்தமில்லாமல் ஒரு முழம் கீழே போனது. கிண்ணம் வழுக்கி உள்ளே போய்விட்டது. அது எங்கே விழுந்தது என்று கேட்கவில்லை.

கண்ணிவெடி இருக்கலாம் என்பதால், இங்கே நிலத்தைத் தோண்டுவதற்கு முன் அறிவிக்க வேண்டும். அறிவித்தோம். உரிய ஆட்கள் வந்து கருவிகளால் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகே தரை உடைக்கப்பட்டது. கீழே பங்கர். தென்னங்குற்றிகளை அடுக்கி மூடியிருந்த குழி. அதை நிரப்பாமல், மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளிச் சீமெந்து போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அவசரம். யார் செய்தது என்று யாரும் தேடவில்லை. குற்றிகள் உக்கிப்போயிருந்தன. ஒன்று மட்டும் ஒரு முனை அறுந்து தொங்கியபடி, கீழே கிடந்த ஒரு வெறும் தண்ணீர்ப் பீப்பாவில் சாய்ந்திருந்தது. தரை அதிரும்போது அது எழும்பித் திரும்பவும் பீப்பாவில் விழும். சத்தத்துக்கு விளக்கம் அவ்வளவுதான். உள்ளே ஒருவரும் எதையும் போடாமல் கடைசியாக வந்த சத்தத்துக்கும் விளக்கம் இருக்கிறது: தரை இறங்கும்போது குற்றியைத் தள்ளியிருக்கும். நான் அதைத்தான் அறிக்கையில் எழுதினேன்.

குழியின் சுவரில் மண்மூட்டைகள் அடுக்கியிருந்தன. சேலைகளைக் கிழித்துத் தைத்த மூட்டைகள். வெளிச்சம் படாததால் நிறம் போகவில்லை. ஒரு மாம்பழ மஞ்சள், ஒரு கத்தரிப்பூ நிறம், சரிகைக்கரை ஒன்று. அவற்றின்மேல் வெள்ளையாகச் சோக்குத்தூள் படிந்திருந்தது. இத்தனை மாதமாக றெஜினாவின் கையிலிருந்து உதிர்ந்தது. அந்த மூட்டைகளை வெளியே எடுக்க வேண்டாம் என்று தவம் அண்ணை கேட்டுக்கொண்டார். அவற்றை அப்படியே விட்டுத்தான் குழியைக் கல்லும் மணலும் போட்டு நிரப்பினோம்.

றெஜினாவுக்குத் தெரிவு நெருங்கியிருந்தது. மேடை இல்லை. தவம் அண்ணையின் உழவு மெசினில் பலகைகளையும் பார்பெல்லையும் ஏற்றிக்கொண்டு போய், கடற்கரையில் அவளுடைய வீட்டு முற்றத்தில் போட்டோம். மணலில் விழும் பாரத்துக்குச் சத்தமே இல்லை. ஆனால் மணல் குழலுக்குள் போய் பெயரிங்கைத் தின்னும். ஒவ்வொரு நாளும் பழகி முடிந்ததும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டினேன். பலகையைச் சுற்றிச் சாக்கு விரிப்பது உதவும். உங்களுக்கும் இப்படி ஒரு தேவை வரலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

தெரிவுக்கு நானும் போனேன். அவளுடைய கடைசித் தூக்கு சுத்தமாக மேலே போய் நின்றது. இறக்கு என்ற சைகை வந்தது. அவள் இறக்கவில்லை. பாரத்தைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு, சனத்துக்குள் என்னைத் தேடினாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் எழும்பி நின்று தலையை ஆட்டினேன். அப்போதுதான் போட்டாள். விழுந்தது. ஒரே ஒரு சத்தம். அவள் குனிந்தபடி அசையாமல் நின்று, வேறு எதுவும் வரவில்லை என்று கண்ட பிறகு மேடையை விட்டு இறங்கினாள்.

இன்றைய நிலைமை இதுதான். றெஜினா அணியில் மேலதிக வீராங்கனையாக இருக்கிறாள். தொழிற்சாலைக் கதை வீட்டில் இப்போது இல்லை. புது மேடை வாசல் பக்கம், துளையிட்டுச் சோதித்த நிலத்தில் இருக்கிறது. பழைய மூலையில் பாரம் வைப்பதில்லை. கபிலனின் வளைந்த பார்பெல் பாவனையில் இல்லை. அவர் இரும்பு பிளேட்டைப் போடுவதை விட்டுவிட்டார். சுவரில் முதலாவது விதி அப்படியே இருக்கிறது. அதன் கீழே இரண்டாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: கேட்பதைப் பொறுப்பாளரிடம் சொல்லவும்.

தவம் அண்ணை இப்போதும் சத்தமில்லாமல்தான் வைக்கிறார். குழியை மூடிவிட்டோமே, இனிப் போடலாமே என்று போன கிழமை சொன்னேன்.

"எனக்கு இப்பவும் கேக்குது தங்கச்சி," என்றார். "ஆனா அது என்ரை. நீங்கள் அதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை."

அந்த மூலையில் பூனை படுக்கத் தொடங்கியிருக்கிறது. சாவி நேசன் அண்ணையிடம் இருக்கிறது.